கார்னெட்: பெயர் தெரியவில்லை

முப்பத்தாறு வருடங்களாக மாதம் ஒரு மடல் எழுதுகிறேன். எந்த நாட்டில் எந்தக் கம்பெனி எந்தப் பழைய ஜாஸ் ரெக்கார்டை மறுபதிப்புச் செய்கிறது, மூல டேப்பிலிருந்து எடுத்ததா, தேய்ந்த தட்டிலிருந்து நகல் அடித்ததா, உறையில் போட்டிருக்கும் வாத்தியக்காரர்களின் பெயர்கள் சரிதானா, இவ்வளவுதான் அதில் இருக்கும். ஆரம்பத்தில் பாறசாலையில் சைக்ளோஸ்டைல் எடுத்துத் தபாலில் அனுப்பினேன். இப்போது மின்னஞ்சல். வாங்குபவர்கள் அறுபத்திரண்டு பேர். ஒசாகாவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நான் எழுதிய பிறகுதான் எதையும் வாங்குவார்.

இத்தனை வருடத்தில் மடலில் ஒரு பிழை வந்திருந்தது. 1994இல் ஒரு டிரம்மரின் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். அடுத்த மாதம் முதல் வரியிலேயே மன்னிப்புக் கேட்டேன். போன வருடம் வந்தது இரண்டாவது. அதைத் தெரிந்தே எழுதினேன்.

என் பெயர் ராஜதாஸ். வயது எழுபத்து மூன்று. பதினாறு வருடம் கப்பலில் ரேடியோ ஆபீசராக மோர்ஸ் தந்தி அடித்தவன். மோர்ஸில் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் ஒரு கை உண்டு. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே விடும் இடைவெளி, அவசரத்தில் நசுக்கும் எழுத்து, இதெல்லாம் முகம் மாதிரி. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவன் தன் பெயரை அடிப்பதற்கு முன்பே இன்னான் என்று சொல்லிவிடுவேன். யோகோஹாமாவிலும் ராட்டர்டாமிலும் ரெக்கார்டு வாங்க ஆரம்பித்தபோது அதே காதுதான் உதவியது. உறையைப் பார்க்காமல் வாத்தியக்காரனைச் சொல்வேன்.

நாங்கள் மிஷன் காலத்துக் குடும்பம். எங்கள் சபையின் ஞானஸ்நான ரிஜிஸ்டரில் எங்கள் வீட்டுப் பெயர் மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிடும். சபைக்கு இடம் கொடுத்தது எங்கள் வீடு. ஐந்து தலைமுறையாக எங்களைப் பற்றி வழக்கோ வம்போ எழுந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று தெரிய வேண்டும்.

என் அப்பாவின் அண்ணன் ஞானாபரணம் மிஷன் பள்ளி பேண்டில் கார்னெட் வாசித்தவர். கார்னெட் என்பது டிரம்பெட் மாதிரியே, கொஞ்சம் குட்டையான பித்தளை வாத்தியம். 1944இல் கொழும்புக்குப் போய் ஒரு ஹோட்டல் டான்ஸ் பேண்டில் சேர்ந்தார். மனைவி ஊரிலேயே இருந்தாள். விடுமுறைக்கு வந்து போனதில் ஒரு பெண் பிறந்தது. 1948 அக்டோபரில் பேண்டு தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. டைபாயிடு காய்ச்சலில் இறந்துவிட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று. கூடவே, உள்ளே அவருடைய கார்னெட் இருப்பதாகச் சொல்லி, பூட்டிய பெட்டி ஒன்றும் வந்தது. உடல் வராததால் அந்தப் பெட்டியையே திறக்காமல் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வைத்து, போதகர் ஜெபம் பண்ணி, மேலே கல்லறை கட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, கொழும்புக் கடிதத்தைச் சபைக் கமிட்டியில் வாசித்து, தீர்மானம் எழுதி, அந்த விதவையை என் அப்பாவுக்குக் கட்டி வைத்தார்கள். அவள்தான் என் அம்மா. 1951இல் நான் பிறந்தேன். பெரியப்பாவின் பெண் சுகிர்தபாய் எனக்கு அக்கா. அவளுக்கு இப்போது எழுபத்தெட்டு. கணவர் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பெரியப்பா இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, தான் வாசித்துத் தபாலில் அனுப்பிய 78 சுற்றுத் தட்டு ஒன்று வீட்டில் உண்டு. நான் கேட்ட முதல் ஜாஸ் அது. அந்தக் கார்னெட்டின் மூன்றாவது வால்வுக்குள் இருந்த ஸ்பிரிங் ஒடிந்து, நெய்யாற்றின்கரையில் ஒரு குடை ரிப்பேர்க்காரர் குடைக் கம்பியைச் சுருட்டி வேறொன்று போட்டுக் கொடுத்தாராம். அதனால் அந்த வால்வை அமுக்கும்போதெல்லாம் சுரத்துக்கு ஒரு இமைப்பொழுது முன்னால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அறுபது வருடமாக அந்த 'டிக்'கைக் கேட்டிருக்கிறேன். உலகத்தில் வேறு எந்தக் கார்னெட்டுக்கும் அது கிடையாது.

போன ஜூனில், ஆண்ட்வெர்ப்பில் சிறிய ரெக்கார்டு கம்பெனி நடத்தும் ஒரு பெண்மணியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கொழும்பில் காலமான ஒரு ரேடியோ டெக்னீஷியன் வீட்டில் பதினோரு தட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஹோட்டல் நடன அரங்கிலேயே மைக் வைத்து நேரடியாகத் தட்டில் வெட்டியவை. மறுபதிப்புச் செய்யப் போகிறார்கள். கார்னெட் வாசிப்பவர் யார் என்று மட்டும் தெரியவில்லை. "உங்கள் பெரியப்பாவின் தட்டைப் பற்றி நீங்கள் ஒருமுறை எழுதியது நினைவிருக்கிறது. கேட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அந்தப் பெயரைப் போடுகிறோம். உறை அச்சுக்குப் பத்து நாள் இருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.

காலை பத்து மணி. நல்ல மழை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் அனுப்பிய முதல் ஒலி ஃபைலைத் திறந்தேன். ஊசிச் சலசலப்பு. கூட்டத்தின் பேச்சு. பிறகு, எந்தச் சுரமும் வருவதற்கு முன்னால், 'டிக்'.

அப்புறம் அவர் வாசித்தார். சொற்றொடரின் கடைசிச் சுரத்தைக் கொஞ்சம் தாமதித்து, யாரையோ வாசல் வரை கொண்டுவிடுகிற மாதிரி மெதுவாகக் கீழே இறக்குவார். அந்தக் கை எனக்குத் தெரியும். சந்தேகப்பட ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். நின்றபடி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கார்னெட் வாசிப்புக்கு மேலேயே அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் பேசினார். மகாராணியின் முடிசூட்டு விழா நடனத்துக்கு வந்திருக்கும் சீமாட்டிகளே, கனவான்களே என்றார்.

உட்கார்ந்துவிட்டேன்.

இங்கிலாந்து மகாராணிக்கு முடி சூட்டியது 1953 ஜூனில். பெரியப்பா செத்து ஐந்து வருடம். எனக்கு அப்போது இரண்டு வயது நடக்கிறது.

மூன்று நாள் அந்த ஃபைல்களைக் குடைந்தேன். பழைய பதிவை யாராவது பின்னால் சேர்த்திருக்கலாம் என்று பார்த்தேன். முடியாது. அறிவிப்பாளர் இருமுகிறார், அந்த இருமலும் கார்னெட்டும் ஒரே சுவரில் மோதித் திரும்பி வருகின்றன. ஒரே அறை, ஒரே நேரம். அப்படியானால் கொழும்புக் கடிதம் பொய். மனிதர் சாகவில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போதே என் அம்மாவுக்கு இரண்டாவது கல்யாணம் நடந்திருக்கிறது. நான் அந்தக் கல்யாணத்தின் பிள்ளை. உறையில் 'கார்னெட்: ஞானாபரணம், 1953' என்று அச்சானால், எங்கள் சபையில் கல்லறையில் வெட்டியிருக்கும் வருடத்தைப் படிக்கத் தெரிந்த எவனும் கூட்டிக் கழித்துக்கொள்வான்.

மூன்றாம் நாள் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டேன். அடுக்களையிலிருந்த அக்கா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"எலே ராஜா, இது அப்பா இல்லியா?"

ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தேன்.

"அப்பா ஆக்கும். அந்தத் தட்டுல இல்லாத பாட்டு. எங்கயிருந்து கிட்டிச்சு ஒனக்கு?"

சொன்னேன். வருடத்தையும் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். முகம் மலர்ந்தது.

"அப்போ எனக்கு ஏழு வயசு. அதுவரைக்கும் உயிரோட இருந்திருக்காரு."

"அக்கா, அப்போ அம்மா?"

"அம்மாவுக்கு என்ன? அம்மா செத்து முப்பது வருசம் ஆச்சு. இனி ஆரு போயி அந்தக் கல்யாண ரிஜிஸ்டரத் தூக்கிப் பாக்கப் போறா?"

"நான் பார்ப்பேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "நீ பாப்ப. நீ சாகும்போதும் சவப்பெட்டிக்க அளவு சரியாண்ணு பாத்துட்டுத்தான் கண்ண மூடுவ. மக்கா, எனக்கு அவருக்க முகம் ஓர்மையில்ல. ஒரு போட்டோ கிடையாது. அந்தப் பேர அதுல போட்டுக் குடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அன்று மத்தியானம் சபைக் கமிட்டிச் செயலாளர் எபினுக்குப் போன் செய்தேன். வளாகத்துப் பாதையை அகலப்படுத்துவதால் ஓரத்துக் கல்லறைகளை உள்ளே மாற்றச் சொல்லி மூன்று முறை நோட்டீஸ் அனுப்பியிருந்தான். நான் தள்ளிப்போட்டு வந்தேன். இப்போது எனக்கே திறந்து பார்க்க வேண்டியிருந்தது. பெட்டி காலியாக இருந்தால் எல்லாம் பொய். கார்னெட் உள்ளே இருந்தால் 1953இல் வாசித்தது வேறு எவனோ. என் கணக்கு இதுதான்.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. எபின் குடையும் நோட்டுமாக நின்றான். பூவாரிலிருந்து வந்த கொத்தனார் ரபேல் கல்லைப் பெயர்த்தார். அக்கா புதுப் புடவை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

"மாமா, நோட்டீஸ் நம்பர் நாலு அடிக்கலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டிய" என்றான் எபின்.

"நீ மூணாவதுல 'கல்லறை'ங்கிறதத் தப்பா அடிச்சிருந்த. அதான் வரல்ல."

"அது பிரஸ்காரன் பண்ணுனது மாமா."

ரபேல் மண்வெட்டியை வைத்துவிட்டுக் குனிந்தார். குழியில் முழங்கால் அளவு சேறும் தண்ணீரும். ஆனால் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தபோது மரம் காய்ந்திருந்தது. தட்டினால் 'டங்' என்றது. பூட்டு துருப்பிடித்துத் தானாகவே கையோடு வந்தது.

உள்ளே கார்னெட் இருந்தது.

முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அப்பாடா, இங்கேயே இருக்கிறது. அம்மா மேல் ஒரு பழியும் இல்லை. அந்த நிம்மதி எவ்வளவு நேரம் இருந்தது என்று சரியாகச் சொல்ல முடியும். எபின் பக்கத்தில் வந்து குனியும் வரை.

"மாமா, இது என்ன மணம்? மண்ணெண்ணெயா?"

மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த மணம். அந்தக் காலத்துப் பேண்டுக்காரர்கள் வால்வுக்கு விடுவது அதுதான். எழுபத்தைந்து வருடம் மண்ணுக்குள் கிடந்த பித்தளை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஆனால் உதடு படும் வாய்முனை மட்டும் பொன் மாதிரி மின்னியது. மூன்று வால்வுகளின் தலையும் விரல் பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தன.

"நேத்து ராத்திரி ஆரோ வாசிச்சுட்டு வெச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான் எபின். சிரிப்பு பாதியில் நின்றது. ரபேல் சிலுவை போட்டுக்கொண்டார். "சாறே, நான் இத தொடமாட்டேன். கூலி கொறச்சுத் தந்தா மதி, போதும்" என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்.

அக்கா யாரையும் கேட்கவில்லை. குனிந்து அதைக் கையில் எடுத்து, பிள்ளையைப் பிடிப்பதுபோல் மார்போடு வைத்துக்கொண்டாள். மூன்றாவது வால்வை அமுக்கினாள்.

'டிக்.'

எனக்கு அந்தச் சத்தத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. மூன்று நாளாகக் கேட்ட அதே 'டிக்'. 1953இல் கொழும்பில் ஒலித்தது இந்த ஸ்பிரிங். அந்த வருடம் இது ஒரு கல்லறைக்குக் கீழே, நான் நிற்கும் இடத்தில் இருந்தது.

"வை அக்கா" என்றேன்.

"ஏன்?"

"வைன்னு சொன்னேன்."

வைத்தாள். பெட்டியைப் புதிய குழிக்கு மாற்றி மூடச் சொன்னேன். யாரும் தொடாததால் நானே தூக்கிப் போய் இறக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா காப்பி போடவில்லை. நேராக என் அறைக்கு வந்தாள்.

"இப்போ எழுதலாம் இல்லியா? கார்னெட்டு அங்கதான் இருந்து. அப்போ அவரு செத்தது நெசம். அம்மாவுக்கு ஒரு கொறவும் இல்ல."

"செத்தவர் எப்படி அக்கா 1953இல் வாசிப்பார்? நான் அறுபத்திரண்டு பேருக்கு என்ன எழுதுவேன்? பேய் வாசித்தது என்றா?"

"ஒனக்குக் கேட்டத எழுது."

"நாளைக்கு யாரோ ஒருத்தன் வந்து, பேயெல்லாம் கிடையாது, மனிதன் உயிரோடு இருந்தான், ஊரில் பெண்டாட்டியை மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதுவான். அவன் எழுதுவதைத்தான் எல்லாரும் நம்புவார்கள்."

"அவருக்குப் பேரு ஒண்ணுதான் மிச்சம், மக்கா."

"குடும்பத்துக்கும் அதுதான் மிச்சம்."

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் ஆண்ட்வெர்ப்புக்கு எழுதினேன்: "எங்கள் குடும்பத்து ஞானாபரணம் 1948இல் காலமானவர். இதில் வாசிப்பது அவர் அல்ல. என் காதுக்குப் பழக்கமில்லாத கை. பெயர் தெரியவில்லை என்றே போடுங்கள்." அந்த மாத மடலிலும் இதையே எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். சரியான காரியத்தைச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

நவம்பரில் ரெக்கார்டு வந்தது. கனமான உறை, நல்ல அச்சு. பின்பக்கம் ஒன்பது பெயர்கள். கடைசியில் 'கார்னெட்: பெயர் தெரியவில்லை'. தூசி தட்டி, ஊசி வைத்து, பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன்.

ஊசிச் சலசலப்பு. கூட்டத்தின் பேச்சு. பியானோ தொடங்கியது. டிரம்மும் பாஸும் சேர்ந்தன. அறிவிப்பாளர் பேசினார், இருமினார். முன்னால் யாரோ வாசிப்பதுபோல அவர்கள் எல்லாரும் சத்தத்தைக் குறைத்து இடம் விட்டு வாசித்துக்கொண்டே போனார்கள். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இடையிடையே கூட்டம் கை தட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று தெரியவில்லை.

ஆத்திரத்தோடு ஆண்ட்வெர்ப்புக்கு எழுதினேன். மிக்ஸிங்கில் கார்னெட்டை எப்படித் தொலைத்தீர்கள் என்று. அன்றே பதில் வந்தது. "என்ன சொல்கிறீர்கள்? கார்னெட்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. விமரிசனம் எழுதும் எல்லாரும் அதைத்தான் புகழ்கிறார்கள்." ஒசாகா பல் டாக்டரும் எழுதியிருந்தார். அந்தப் பெயர் தெரியாதவருக்காக இரண்டு பிரதி வாங்கிவிட்டாராம். என் கருத்து எப்போது வரும் என்று கேட்டிருந்தார்.

ஜூனில் வந்த ஃபைல்களைத் திறந்தேன். அவற்றிலும் இல்லை. காது டாக்டரிடம் திருவனந்தபுரம் போய்ப் பரிசோதனை செய்தேன். வயதுக்கு மிக நல்ல காது என்றார். பிறகு வீட்டில் இருந்த பழைய 78 தட்டை எடுத்தேன். எடுக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கிளாரினெட் வாசித்தது. பியானோ வாசித்தது. கார்னெட்டின் முறை வந்தபோது அறுபது வருடமாக நான் மனப்பாடமாக அறிந்த முப்பத்திரண்டு தாளச் சுற்றும் வெறுமையாகக் கடந்து போயிற்று. அதை மனத்துக்குள் பாடிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. மடலில் கருத்து எழுதியாக வேண்டும். டிசம்பர் முதல் வாரம், காலை ஆராதனை முடிந்து வந்த பிறகு, அக்காவை அறைக்குக் கூப்பிட்டேன்.

"இங்கே உட்கார். நான் எழுத வேண்டும். நீ கேட்பதைக் கேட்கிறபடி சொல்லு."

"ஏன், ஒனக்க காதுக்கு என்ன?"

"கேட்பவர் எப்படிக் கேட்கிறார்கள் என்று தெரிய வேண்டும். சொல்லு."

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசியை வைத்தேன். நான் பென்சிலோடு காத்திருந்தேன்.

"இப்போ கீழயிருந்து தொடங்குகாரு" என்றாள். "மெல்ல. ஏணியில ஏறுக மாதிரி... இப்போ மேல. அங்க நிக்காரு. ஆளு மூச்சு விடல்ல பாத்தியா... இப்போ இறங்குகாரு. எலே, என்ன அழகா இறங்குகாரு!"

எழுதினேன். வெறும் பியானோவையும் டிரம்மையும் கேட்டுக்கொண்டு, அவள் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதினேன்.

பேச்சை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராஜா. ஒனக்குக் கேக்குதா?"

"கேட்கிறது."

"அப்போ அவரு நிறுத்தும்போது கையத் தூக்கு."

நான் ஏமாறவில்லை. தாளம் எண்ணத் தெரியாதவனா நான்? பியானோவை வைத்துச் சுற்றுகளை எண்ணினேன். இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு. பாட்டு முடியும் இடம் சரியாகத் தெரிந்தது. கையைத் தூக்கினேன். பியானோ கடைசிச் சுரத்தை அடித்தது. கூட்டம் கை தட்டியது. ஊசி உள்வட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கா தலையை அசைத்தாள். "இல்ல."

"பாட்டு முடிந்துவிட்டது, அக்கா."

"அவங்க முடிச்சிட்டாங்க. அவரு வாசிக்காரு."

ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம் தானாக எழுந்து தன் இடத்துக்குத் திரும்பியது. தட்டு சுற்றுவது மெதுவாகி நின்றது. ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். வெளியே சாலையில் களியக்காவிளை பஸ் போயிற்று. அது போன பிறகு அறையில் ஒரு சத்தமும் இல்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவள் வலது கை விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. நான் தூக்கிய கையை இறக்காமல், அது நிற்பதற்காகக் காத்திருந்தேன்.